வண்டி நகருமுன் எடுத்த சீமாறு

புத்தகத்தில் விளக்குமாறு என்று போடுவார்கள். ஆத்தூர்ப் பக்கம் துடைப்பம் என்பார்கள். நாமக்கல் மேட்டுக்காட்டுக்காரர்களான எங்களுக்கு அது சீமாறு. வீடு கூட்டுகிற நேரம் போக, மற்ற நேரமெல்லாம் அந்தச் சொல் என் அம்மாவின் வாயில்தான் கிடக்கும். பால் பொங்கி வழிந்தால், "சீமாறு பிஞ்சு போயிரும்" என்பாள். உள்ளே நுழைந்த கோழிக்கும் அதே வசவுதான். ஆனால் ஒரு நாளும் அடி விழுந்ததில்லை.

அதே அம்மா அதை யாரும் காலில் மிதிக்க விடமாட்டாள், லட்சுமியாம். விளக்கு வைத்தபின் அதைத் தொடக்கூடாது. முக்கியமாக, வந்தவர் கிளம்பினதும் வீட்டைக் கூட்டவே கூடாது. பிணம் எடுத்த வீட்டில்தான் அப்படிக் கூட்டுவார்கள். உயிரோடு போகிறவருக்குப் பின்னால் கூட்டினால், இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அர்த்தம்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்டுவதைச் சட்டமும் தடுக்கவில்லை, ஊரும் தடுக்கவில்லை. ஜேடர்பாளையத்திலிருந்து ஒருவர் என்னைப் பெண் பார்க்க வந்தார். அவருக்கு வாய்க்கால் பாயும் வயல், பாதி நரைத்த தலை, வீட்டில் பிள்ளையில்லாத மனைவி. அப்பா வயலை மட்டும் பார்த்தார். மாட்டேன் என்று நான் அழுததை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அப்பாவை எதிர்த்து அம்மா வாய் திறந்ததே கிடையாது.

வந்தவர்கள் பலகாரம் தின்று, "தையில வெச்சுக்கலாமுங்க" என்று எழுந்தார்கள். வெளியே மாட்டை வண்டியில் பூட்டினார்கள். கதவு மூலையில் இருந்த சீமாற்றை எடுத்தேன். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் தொடங்கி வாசல் வரை சரக் சரக்கென்று கூட்டினேன். புழுதி வண்டிச் சக்கரம் வரை போயிற்று.

நரைத்தலை மாப்பிள்ளை திரும்பினார். "ஏனுங்க, உங்கூட்டுல எழவுங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "அதப் புடுங்கு மொதல்ல!" என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அம்மா என்னிடம் வந்தாள். இத்தனை நாள் வாயில் இருந்தது இன்றைக்கு முதுகில் விழப்போகிறது என்று நின்றேன். அவள் கையை நீட்டவில்லை. வண்டியில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அந்த மூலைய உட்டுட்டயே சாமி. அங்கயும் நல்லாக் கூட்டு."

கூட்டினேன். ஒரு துரும்பு விடவில்லை. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் சந்தோஷம் அடங்காமல், மாடு கட்டும் இடத்தையும் சேர்த்துக் கூட்டிவிட்டுத்தான் கீழே வைத்தேன்.