ஏப்ரலில்தான் எடுப்பார்கள்

செங்கல்பட்டில் பனி என்றால் மார்கழி விடியலில் ஏரிக்கரைப் புல்லில் நிற்கிற ஈரம், அவ்வளவுதான். அதற்கே எங்கள் தெரு ஆம்பளைகள் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு இருமுவார்கள். ஐம்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் மாட்டு வைத்தியத்தில் மேல்படிப்பு படிக்கக் கனடாவுக்குக் கிளம்பியபோது, அங்கேயும் பனி பெய்யும் என்று என்னிடம் சொன்னார். பாவி மனுஷர், சொன்னது பொய்யில்லை. அது இடுப்பு உயரத்துக்குப் பெய்யும் என்பதைத்தான் சொல்லவில்லை.

போன புதிதில் ஒருநாள் வாசலுக்கு வெளியே தலையை நீட்டினேன். மூக்குத்தி ஊசியாய் உள்ளே ஏறியது. ஐயோ என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்து அதைக் கழற்றி வைத்தவள்தான், சித்திரை வரைக்கும் போடவில்லை. மெட்டியின் மேல் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, புடவையின் மேல் கணுக்கால் வரை ஒரு கோட்டு. வெளியே கொடியில் காயப்போட்ட வேட்டி மடங்க மாட்டேன் என்றது. பலகையைத் தூக்குகிற மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன். பளீரென்று வெயில் அடிக்கும், ஆனால் அந்த வெயிலில் ஒரு பொட்டு சூடு இருக்காது. இந்த ஊரில் குடியேறின முதல் ஆளுக்கு மூளை கலங்கியிருக்க வேண்டும் என்று இவரிடம் தினமும் சொல்வேன்.

நாங்கள் மாடியில் இரண்டு அறையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுச் சொந்தக்காரரான கிழவரும் அவர் மனைவியும் கீழே. மாடியில் எங்களுக்கென்று ஓர் இரும்பு அடுப்பு உண்டு. சமைப்பதும் அதில்தான், குளிருக்கு அறையைச் சூடாக்குவதும் அதுதான். ஜனவரியில் எனக்கு ஏழாம் மாசம். என் வயிற்றைப் பார்த்த நாள்முதல் விறகை மேலே கொண்டுவந்து அடுக்குவதைக் கிழவர் தன் வேலையாக்கிக்கொண்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் தேங்க்யூ ஒன்றுதான். அதைப் பத்துத் தரம் சொல்வேன். அவரும் பத்துத் தரம் தலையாட்டுவார்.

ஒரு சனிக்கிழமை காலை. இவர் பண்ணைக்குப் போய்விட்டார், மாட்டுக்கு ஏது லீவு? ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவர் வாசலில் பனியை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். மண்வாரியை ஊன்றி நின்றார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். அப்படியே சரிந்து விழுந்தார், எழுந்திருக்கவில்லை.

டாக்டர் வந்தார், ஆட்கள் வந்தார்கள். மத்தியானத்துக்குள் ஒரு கறுப்பு வண்டியில் அவரை ஏற்றித் தெருக்கோடியில் இருந்த சர்ச்சுக்குக் கொண்டுபோனார்கள். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. கிழவி வாசலில் மரம் மாதிரி நின்றாள். என் ஜன்னலில் இருந்து பார்த்தால் சர்ச் தெரிந்தது. அப்படியானால் பிணம் இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறது.

தெருவில் பிணம் கிடந்தால் எடுக்கிற வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் சனிப் பொணம் தனியாகப் போகாது என்பார்கள். துணைக்கு ஆள் தேடும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் அந்த ஜன்னலில் நிற்கிறேன். அடுப்பில் ஒரு செம்பு தண்ணீரைக் கொட்டி அணைத்தேன். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவார்கள், அதுவரை தாங்கலாம் என்று இருக்கிற கம்பளியை எல்லாம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பொழுது இறங்கியது. வாளித் தண்ணீரில் ஐஸ் ஏடு கட்டியது. கால் விரல்கள் இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. அதைவிட ஒன்று என்னைக் கொன்றது. மத்தியானத்தில் இருந்து பிள்ளை அசையவில்லை. அடுப்பு மூட்டினால் சாவுக் குற்றம் பிள்ளையைப் பிடிக்கும், மூட்டாவிட்டால் குளிர் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

இவர் கதவைத் திறந்தார். "இன்னாம்மே இது, வூடு ஐஸுப் பொட்டியாட்டம் கீது?"

"பெரியவரு போய்ட்டாருங்க. பொணம் தெருவுலயே கீது. எப்போ எடுப்பாங்கன்னு கேட்டுகினு வாங்க. அடுப்பு பத்த வெக்கணும்."

அவர் கீழே போனார். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பின்னாலேயே கிழவியும் வந்தாள்.

"ஏப்ரல்ல எடுப்பாங்களாம்," என்றார்.

"இன்னாது?"

"பூமி கல்லாட்டம் இறுகிப் போச்சாம். கடப்பாற போட்டாலும் எறங்காதாம். எளகினப்புறம்தான் குழி தோண்டுவாங்களாம். அதுவரைக்கும் சர்ச்சுக்குப் பின்னால ஒரு ரூமுல வெச்சிருப்பாங்களாம். முன்னயே நாலு பேரு அங்க கீறாங்களாம்."

எங்கள் ஊரில் பிணத்துக்கு நாலு பேர் வேண்டும், தூக்குவதற்கு. இங்கே நாலு பேரும் கூடவே படுத்திருக்கிறார்கள். என்னால் வாயை மூட முடியவில்லை. "அப்போ ஏப்ரல் வரைக்கும் நான் இன்னா செய்றது? எம்புள்ள இன்னா ஆவும்?" என்று கத்தினேன்.

அதற்குள் கிழவி என் கையைத் தொட்டுப் பார்த்தாள். இவரைப் பார்த்துச் சுருக்கென்று ஏதோ சொன்னாள். திட்டு என்பது எந்தப் பாஷையிலும் புரியும். அடுப்பின் முன் மண்டியிட்டாள். ஈரச் சாம்பலை வழித்தாள். காகிதத்தைக் கசக்கிப் போட்டுத் தீக்குச்சியைக் கிழித்தாள். புருஷன் செத்த அன்றைக்கு ஒருத்தி இன்னொருத்தி வீட்டு அடுப்பை மூட்டுவதை நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. வேண்டாம் என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள்.

கிழவர் அடுக்கின விறகு காய்ந்த விறகு, சடசடவென்று பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, சூடு முதுகு வரைக்கும் ஏறின பிறகு, வயிற்றில் ஓர் உதை விழுந்தது. நல்ல உதை. நான் வாய்விட்டு அழுதேன்.

நான் ஏன் அடுப்பை அணைத்தேன் என்று கிழவி கேட்டிருக்க வேண்டும். இவர் எங்கள் ஊர் வழக்கத்தை இங்கிலீஷில் சொன்னார். காலையில் உயிர் போனால் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவோம் என்றாராம். கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏப்ரல் என்றதும் என் முகம் எப்படிப் போயிருந்ததோ, அப்படியே போயிருந்தது அவள் முகம். ஏதோ கேட்டாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா கேக்கறாங்க?"

"அன்னிக்கேவா எடுத்துடுவீங்க, தூரத்துல இருக்கற புள்ளைங்க வர வேணாவான்னு கேக்கறாங்க."

மகாபலிபுரத்தில் என் அம்மா செத்த அன்று, எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆள் வந்து சொன்னதும் செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் தாண்டி டயர் வெடித்தது. அதைச் சரிசெய்து, போய் இறங்கித் தெருமுனைக்கு ஓடினேன். எல்லா வீட்டுக் கூரையிலும் புகை. அடுப்பு பற்றவைத்துவிட்டார்கள். யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு சித்தப்பா சொன்னார், "பொழுதோட எடுக்கணும் கண்ணு. உனுக்காவ மொறைய மாத்த முடியுமா?"

முடியாது என்றுதான் நானும் நம்பினேன். நம்பினால்தானே தாங்க முடியும்? கிழவர் போன அன்றைக்கு வயிற்றுப் பிள்ளையோடு விறைத்துக் கிடந்தேனே, அதற்காகத்தான். மாற்றவே முடியாத முறை என்று ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. இங்கே என்னடாவென்றால் ஏப்ரல் வரைக்கும் வைத்திருக்கிறார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

என் அம்மாவுக்கு ஏப்ரலெல்லாம் வேண்டாம். இன்னும் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் முகத்தைப் பார்த்திருப்பேன்.