ஒழுங்கைக்குள் நுழையாத வண்டில்

ஊரூராகப் போய்ப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவது என் தொழில். சொந்த ஊர் ஏறாவூர். மனைவி மௌத்தான பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. வண்டிலிலேயே வாழ்ந்துவிடலாம் என்று கட்டில், அடுப்பு, பெட்டி எல்லாம் கொள்ளும்படி பெரிய கூடார வண்டில் ஒன்று செய்வித்தேன். "ஓராளுக்கு இவ்வளவு பெருசு எதுக்கு, காக்கா?" என்று ஆசாரி கேட்டதை நான் காதில் போடவில்லை.

வசதியாகத்தான் இருந்தது. ஆனால் எந்த ஊரின் ஒடுங்கிய ஒழுங்கைக்குள்ளும் அது நுழையவில்லை. வெளியே வட்டை ஓரத்தில், வயல்களுக்கு நடுவேதான் மாடுகளை அவிழ்த்துக் கட்டவேண்டியிருந்தது. வேலை முடிந்து திரும்பினால் பேச ஒரு சீவன் இல்லை.

செட்டிபாளையத்துக்கு வெளியே நின்றபோது காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் எழும்ப முடியவில்லை. கூப்பிட்டேன், எவருக்கும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை, மாடுகள் தாகத்தில் கத்துவதைக் கேட்டு, புல்லறுக்க வந்த ஒரு பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"காக்கா, உசிரோடயா கிடக்கிறீங்க?"

கையை மட்டும் தூக்கிக் காட்டினேன். அவள் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தாள்.

சுகமானதும் வண்டிலைச் சின்னதாக மாற்றிச் செய்வித்தேன். இப்போது அது ஒழுங்கைக்குள் நுழையும்; ஓராள் கால் நீட்டும் அளவுதான். பின்னேரமானால் யாருடைய வீட்டு வளவுக்குள்ளாவது கேட்டு நிறுத்துகிறேன். நான் எழும்பப் பிந்தினால் யாராவது வந்து தட்டுகிறார்கள்.