அக்கா குனியக் கூடாது

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும், அட்டைப்பெட்டியைக் கிழிக்கும் உரிமை என்னுடையது. தெர்மாகோலை உடைத்துக் கூடமெல்லாம் இறைப்பேன். சாமான் கொண்டுவருகிறவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. பிராட்வேயில் மிக்ஸி, ஃப்ரிட்ஜ் விற்கும் கடையில் வேலை. எதிலாவது ஓரம் நசுங்கியிருந்தால் முதலாளியிடம் கெஞ்சிக் குறைந்த விலைக்கு வாங்கி ஆட்டோவில் ஏற்றிவிடுவார்.

பாலக்காட்டில் ஊரார் வீட்டு மாவையெல்லாம் ஆட்டுக்கல்லில் ஆட்டித் தம்பியைப் படிக்க வைத்தவள் அம்மா. அந்தக் குனிந்த முதுகைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அதனால் அவருக்கு ஒரே வைராக்கியம்.

"அக்கா, இனி நீ குனியவே கூடாது."

"குனியாம பின்னே நான் என்னடா செய்யறது?" என்று அம்மா சிரிப்பாள்.

அதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது. டிவி கொண்டுவந்தார்.

கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று வந்துகொண்டிருந்த வரிசையில் கடைசியாகத் தண்ணீர் மோட்டாரும் வந்தது. அதுவரை அம்மா தெருமுனைக் குழாய்க்காவது போய்க்கொண்டிருந்தாள். அங்கே நின்று ஊர்வம்பு முழுக்க அளந்துவிட்டு, இடுப்பில் குடத்தோடு முகம் மலர்ந்து வருவாள். மோட்டார் வந்ததும் அது நின்றது. சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று எங்கள் சந்தில் எந்தப் பெண்ணும் கிளம்ப முடியாது. இடுப்பில் குடம் இருந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், வெறுங்கையோடு போனால் எங்கே என்பார்கள்.

உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பது பழமொழி. அம்மா கரையவில்லை. டிவி முன்னால் வாய் சும்மா இருக்குமா என்று அத்தா தினமும் பேக்கரியிலிருந்து பஃப்ஸும் பழம்பொரியும் வாங்கி வருவார். ஃப்ரிட்ஜைத் திறந்தால் கலர் பாட்டில்கள். மலையாளத்தில் ஒருவர் சதை போட்டால் "நன்னாயி" என்பார்கள், நல்லபடி ஆகிவிட்டார் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுச் சேச்சி அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம், "இத்தா நன்னாயல்லோ!" என்பார். இத்தா என்றால் அக்கா. அம்மா வெட்கப்படுவாள். மாமாவுக்குப் பெருமை தாங்காது. அம்மா ஒல்லியாக இருந்த காலம் பட்டினிக் காலம் என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். யாரைக் குறை சொல்வது? எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

பள்ளுருத்தியில் ஒரு கல்யாணத்துக்குப் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனாள் அம்மா. செருப்பு கடித்தது அவளுக்குத் தெரியவே இல்லை, வலியே இல்லையாம். குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் குனிய வேண்டாம் என்று தம்பி தாங்கிய அக்காவுக்கு, அதற்குள் குனியவே முடியாமல் போயிருந்தது. சில நாள் கழித்து, வீட்டில் ஏதோ நாற்றம் அடிக்கிறது, எலி செத்துக் கிடக்கிறதா பார் என்று என்னைத்தான் கட்டிலுக்கு அடியில் அனுப்பினாள். எலி இல்லை. வெளியே வரும்போது கட்டிலிலிருந்து தொங்கிய அவள் கால் என் முகத்துக்கு நேரே இருந்தது. பெருவிரல் கறுத்திருந்தது.

சர்க்கரை வந்து ரொம்ப நாளாகியிருக்கும் என்றார் டாக்டர். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவள் டிவி போடவில்லை.

அடுத்த வாரம் மாமா பெரிய பெட்டியோடு வந்தார். இந்த முறை எங்கும் நசுங்காத, முழு விலை கொடுத்து வாங்கிய பெட்டி. வழக்கம்போல் நான்தான் கிழித்தேன். உள்ளே சக்கர நாற்காலி. எங்கள் வீட்டுக்கு வந்ததிலேயே அழகான சாமான் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வாசலுக்கு ஓடிக் கத்தினேன்:

"சேச்சீ, எங்கம்மா இனி நடக்கவே வேண்டா!"

சேச்சி உள்ளே போய்விட்டார். நான் திரும்பி வந்தபோது, இறைந்து கிடந்த தெர்மாகோலைப் பொறுக்கக் குனிந்திருந்தார் மாமா. வெகுநேரம் நிமிரவே இல்லை. ஸ்குரூ எதையோ தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று, நானும் அவர் பக்கத்தில் குனிந்து தேட ஆரம்பித்தேன்.