பாக்யலட்சுமி ஏறாத விமானம்

பாக்யலட்சுமி தைத்த பூட்ஸைப் பார்த்து ஜெர்மனிக்காரர் ஒருவர் அவளையே நேரில் வரச் சொல்லிவிட்டார் என்ற செய்தி, சாயங்காலம் கம்பெனி பஸ் மாதனூர் தாண்டுவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நம்பியவர்களைவிட நம்பாதவர்கள்தான் அதிகம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளை எதற்கு பிளேனில் கூப்பிடுகிறார்கள் என்று நேராகவே கேட்டார்கள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. பத்தொன்பது வயதில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நூல் வெட்டச் சேர்ந்தவள், மெஷினுக்கு மாறி, பதினோரு வருடமாக சாம்பிள் ரூமில் இருந்தாள். வெளிநாட்டுக்குக் காட்ட முதல் ஜோடியைத் தைப்பது அங்கேதான். அந்த முறை வந்த வேலை பனிக்கால பூட்ஸ். குதிகாலுக்குள் தீப்பெட்டி அளவில் பேட்டரி இருக்கும். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் உள்ளே பாதம் சூடாகும். பேட்டரி இருக்கும் இடத்தில் ஈரம் போகக் கூடாது. பசை போட்டுப் பார்த்தார்கள், விட்டுக்கொண்டது. பாக்யலட்சுமி தோலின் விளிம்பை இரண்டாக மடக்கி, உள்ளே ஒரு தையல், அதை மறைத்து மேலே ஒரு தையல் என்று இரண்டு வாரம் பிரித்துப் பிரித்துத் தைத்து வழி கண்டுபிடித்தாள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டும் உள்ளே ஒரு சொட்டு போகவில்லை.

"யாரு கையின்னு ஜெர்மனிக்காரரு கேட்டாரு, உங்க பேர சொன்னேன்," என்றான் கௌதம். ஆர்டர் பிடிக்கும் பிரிவுக்கு மேனேஜர் அவன். முப்பத்திரண்டு வயது, அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். "எட்டு நாளு பயணம். நானும் கூட வர்றேன்."

பாஸ்போர்ட், விசா எல்லாம் முடிய இரண்டு மாதம் ஆயிற்று. புருஷன் அருணகிரி வேலூருக்குப் போய் அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தான்.

விமானம் பகல் பதினொன்றரைக்கு. சென்னை விமான நிலையத்தில் பெட்டியைப் போடும் கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு பலகை வைத்திருந்தார்கள். அவளுக்கு இங்கிலீஷ் ஓடாது, ஆனால் படம் புரிந்தது. பெரிய பெட்டிக்குள் பேட்டரி இருக்கும் படத்தின் மேல் சிவப்புக் கோடு. கைப்பைக்குள் இருக்கும் படத்துக்குப் பச்சை.

"சார், பேட்டரிய கைப்பையிலதான் வெச்சிக்கணும்னு போட்டிருக்குது. நம்ம பூட்ஸுல இருக்குதே."

"அது லூஸா எடுத்துட்டுப் போறதுக்குக்கா. நம்மளுது உள்ளயே ஃபிக்ஸ் பண்ணது." கௌதம் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என் பொட்டி வெயிட் ஜாஸ்தி ஆயிடுச்சு. சாம்பிள் பொட்டிய உங்க பேர்ல போட்டுடறேன். யாரு பேக் பண்ணதுன்னு கேட்டா நானேன்னு சொல்லுங்க. மாத்திச் சொன்னா நிக்க வெச்சிடுவாங்க."

அந்தப் பெட்டியைக் கட்டியது அவன்தான். பூட்ஸை அட்டைப்பெட்டியில் வைத்து அவன் அறையில் கொடுத்ததோடு அவள் வேலை முடிந்திருந்தது. கவுன்ட்டர் பெண் பேட்டரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே இல்லை என்றான். பாக்யலட்சுமி தலையாட்டினாள்.

விமானத்துக்குக் காத்திருக்கும் இடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். கையில் சீட்டோடு ஒரு ஊழியர் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்து காட்ட வேண்டுமாம்.

"போய்ட்டு வந்துடுங்கக்கா. ரெண்டு நிமிஷ வேல. நான் லேப்டாப்லாம் பாத்துக்கணும்," என்றான் கௌதம்.

கீழே ஒரு அறையில் பெட்டி மேஜைமேல் இருந்தது. பெண் அதிகாரி ஒருத்தி, தமிழ்தான் பேசினாள். பெட்டியைத் திறந்ததும் ஆறு ஜோடி பூட்ஸ். அவற்றுக்கு நடுவில் கௌதமின் பனியன் ஒன்றில் சுற்றி நான்கு தனி பேட்டரிகள். அவை உள்ளே இருப்பது பாக்யலட்சுமிக்கே அப்போதுதான் தெரிந்தது.

"பொட்டிய யாரும்மா பேக் பண்ணது?"

உண்மை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவனையும் கீழே கொண்டுவந்து நிறுத்துவார்கள், இரண்டு பேருக்கும் விமானம் போய்விடும், ஆர்டர் கெட்டால் தன்னால்தான் என்பார்கள் என்று நினைத்தாள்.

"நான்தாங்க."

அதிகாரி ஒரு தாளில் அதை எழுதி நீட்டினாள். பாக்யலட்சுமி தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

"தனி பேட்டரிய கையில எடுத்துக்குங்க. பூட்ஸுல இருக்கறதும் இப்டி போவ முடியாது. பொட்டிக்குள்ள பட்டன் அழுந்திச்சின்னா சூடாவும். நடு வானத்துல பத்திக்கிச்சின்னா யாரு போய் அணைக்கிறது? பேட்டரிய கழட்டிட்டா பொட்டி போவும்."

"கழட்ட வராதுங்க. உள்ள வெச்சி தெச்சிருக்குது."

"அப்ப பொட்டி எறங்கிடும்மா. வேற வழியில்ல."

அந்த அதிகாரிமேல் பாக்யலட்சுமிக்குக் கோபம் வரவில்லை. அவள் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. அங்கே மூட்டை கட்டும் ஆள் ஒருவனிடமிருந்து கட்டர் ஒன்றை வாங்கித் தரும்படி அவளையே கேட்டாள். முதல் பூட்ஸை மடியில் வைத்துக் குதிகாலில் கத்தியைப் போட்டாள்.

அவளே யாரும் பிரிக்க முடியாதபடி தைத்த தையல். மேல் தையலை அறுத்தால் உள் தையல் தெரியும். அதை அறுக்கத் தோலின் மடக்கை விரித்துக் கிழிக்க வேண்டும். ஒன்றுக்கு மூன்று நிமிடம் பிடித்தது. பிரித்த பூட்ஸைத் திரும்ப யாருக்கும் காட்ட முடியாது என்பதும் தெரிந்தேதான் பிரித்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. எட்டாவது பூட்ஸில் கத்தி வழுக்கி இடது கட்டை விரலில் இறங்கியது. அதிகாரி துணி எடுத்துச் சுற்றிவிட்டாள்.

அப்போது போன் வந்தது.

"அக்கா, கேட் க்ளோஸ் பண்றாங்க. எங்க இருக்கீங்க?"

"இன்னும் நாலு இருக்குது சார். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா..."

"நான் வந்தா ரெண்டு பேருக்கும் போயிடும்க்கா. நீங்க ஆபீஸுக்குப் பேசுங்க. நாளைக்கு வேற டிக்கெட் போடுவாங்க."

விமானம் கௌதமோடு போய்விட்டது. அவளைத் திரும்பக் கூட்டிவந்து, அன்று காலையில் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையின் மேல் ரத்து என்று இன்னொன்று குத்தினார்கள். ஆபீஸுக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொன்னார்கள். வேறு டிக்கெட் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ் மாறி மாறி இருட்டுவதற்கு முன் வீடு வந்து சேர்ந்தாள்.

அவள் சொன்னதை அருணகிரி முழுக்கக் கேட்டான். "உண்மைய சொல்லியிருக்கலாம்ல," என்றான்.

ஊர் வேறு மாதிரி பேசியது. விமான நிலையத்தில் பிடித்தார்கள் என்றால் அந்தப் பக்கத்தில் தங்கம் என்றுதான் அர்த்தம். பூட்ஸுக்குள் வைத்துத் தைத்துக் கடத்தினாள் என்று கம்பெனி கேன்டீனிலேயே ஒருவன் சொன்னான். சாம்பிள் ரூமில் அவளோடு ஒன்பது வருடம் வேலை பார்த்த ஷஹீன் பானு தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய் அவனைத் திட்டிவிட்டு வந்தாள்.

கம்பெனியில் விசாரணை நடந்தது. விமான நிலையத்தில் அவள் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் மேஜைமேல் இருந்தது.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். ஆனா பலகையப் பாத்துட்டு கௌதம் சாருகிட்ட அங்கியே சொன்னேன்."

கௌதம் ஊர் திரும்பியிருந்தான். எதிர் நாற்காலியில்தான் இருந்தான். "அப்டி சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல சார்," என்றான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. இனிமேலாவது பேட்டரி வைக்கும் இடத்தைத் திறந்து மூடுகிற மாதிரி தைத்தால் யாரும் இப்படி மாட்ட மாட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். அதை எழுதிக்கொண்டார்கள். சாம்பிளைக் கெடுத்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, சாம்பிள் ரூமிலிருந்து, தைத்து முடிந்த ஷூவில் குறை பார்க்கும் கடைசிச் செக்கிங்குக்கு மாற்றினார்கள்.

கௌதம் தன் போனில் இருந்த பூட்ஸ் வீடியோவைக் காட்டியே ஆர்டரை வாங்கி வந்திருந்தான். குதிகாலில் திறந்து மூடும் மடிப்பு வைத்துப் புது மாடல் போட்டார்கள். யோசனை சொன்னவர் என்று காகிதத்தில் அவன் பெயர் இருந்தது. ஆனால் அந்த மடிப்பில் ஈரம் போயிற்று. மூன்று முறை தைத்து அனுப்பியும் ஜெர்மனியில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கௌதம் செக்கிங் மேஜைக்கு வந்தான்.

"ஜெர்மனிக்காரரு உங்களத்தான் கேக்கறாருக்கா. இத மட்டும் சரி பண்ணிக் குடுங்க. இந்த வாட்டி கண்டிப்பா போலாம்."

"அன்னிக்கி பேட்டரியப் பத்தி நான் சொன்னேன், நீங்கதான் கேக்கலன்னு எழுதிக் குடுங்க சார். இப்பவே தெச்சித் தர்றேன்."

"அது முடிஞ்சி போன விஷயம்க்கா."

"அப்ப இதுவும் முடிஞ்சிதான் போச்சி சார்," என்று அடுத்த ஜோடியை எடுத்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஆர்டரில் பாதியைக் குறைத்துவிட்டார்கள். அந்த மாடலுக்கென்று கான்ட்ராக்டில் எடுத்த பதினான்கு பெண்களை மாதக் கடைசியில் நிறுத்தினார்கள். அவர்களில் நந்தினி என்று ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, போகும் முன் பாக்யலட்சுமியிடம் வந்து நின்றாள்.

"நீங்க தெச்சிக் குடுத்திருக்கலாம்க்கா."

"குடுத்திருக்கலாம்மா," என்றாள் பாக்யலட்சுமி. நந்தினி போன பிறகும் மேஜைமேல் ஷூ வந்துகொண்டே இருந்தது. ஷிப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.