மாமன் பட்டமும் அப்பா ரேடியோவும்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, வைகாசி வெயிலில், அடி அண்ணாமலையில் என் நண்பர் வீட்டில் நடந்தது இது. எனக்குத் திருவண்ணாமலை டவுனில் மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார், மிக்சி, ஃபேன் என்று எது எரிந்து வந்தாலும் பிரித்துக் கட்டிக் கொடுப்பேன். வால்வு ரேடியோ பார்ப்பது மட்டும் பிழைப்புக்காக இல்லை, அது ஒரு பைத்தியம். 'வேலை மெனக்கெட்ட வேலை' என்று என் மனைவி அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள்.

ஒரு நாள் நண்பர், காலமான தன் அப்பாவின் ரேடியோவைப் பழைய வேட்டியில் சுற்றிக் கடைக்குக் கொண்டு வந்தார். சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று உறுமும், கொஞ்ச நேரத்தில் ஃபியூஸ் போய்விடும்.

"எப்படியாவது பாட வெச்சுடுப்பா. அப்பாவுக்கு வருஷப் படையல் வருது. ரேடியோ பாடப் போவுதுன்னா என் தங்கச்சி வராம இருக்க மாட்டா" என்றார்.

விஷயம் இதுதான். தங்கை மகளின் மஞ்சள் நீராட்டுக்கு இவர் சீர்த் தட்டோடு போயிருக்கிறார். தட்டை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, இவரை முறையாக மணைக்கு அழைக்கவில்லையாம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர்தான், அதோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. இப்போது அந்தப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். மணப்பெண்ணின் நெற்றியில் தாய்மாமன்தான் பட்டம் கட்ட வேண்டும். அதற்குள் அண்ணனும் தங்கையும் ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்து எழுந்துவிட்டால் போதும் என்று இரண்டு பக்கமும் ஆசை. யார் முதலில் இறங்கி வருவது என்பதுதான் சிக்கல்.

ரேடியோவைத் திறந்து பார்த்தேன். கரண்டைச் சீராக்கும் கண்டென்சர்கள் காய்ந்து, கசிந்து கிடந்தன. உறுமலுக்கு அதுதான் காரணம். புதிது போட்டேன். ஏசியை டிசியாக்கும் வால்வும் போயிருந்தது, சென்னையில் தேடி வாங்கினேன். எப்போதும்போல ஒரு குண்டு பல்பைச் சீரிஸில் போட்டுத்தான் கரண்ட் கொடுத்தேன். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், ரேடியோ தப்பிக்கும். பல்பு மங்கலாகவே எரிந்தது. பாட்டும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பின்பக்கம் ஒரு மூலையில் மட்டும் சந்தனம், குங்குமம் கெட்டியாகக் காய்ந்திருந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பியது. சாமிப் பொட்டை எதற்குச் சுரண்டுவது என்று அதை மட்டும் துடைக்காமல் விட்டேன்.

படையல் அன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து தங்கை வந்தார், தனியாக. வாசலில் நின்றவரை அண்ணன் "வாம்மா" என்று கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கே நண்பரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. காக்கைக்குச் சோறு வைத்தார்கள். இலை போடும் முன் ரேடியோவைப் போடச் சொன்னார்கள். இந்தத் தடவை சீரிஸ் பல்பு இல்லை, நேராகச் சுவரில் சொருகினேன். வால்வு சூடாகும் வரை எல்லோரும் காத்திருந்தோம். மெல்ல ஒரு பழைய பாட்டு எழுந்து வந்தது. தங்கை ரேடியோவின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். "அப்பா சத்தம் மாதிரியே இருக்குதுண்ணா" என்றார். அண்ணன் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

இன்னொரு பாட்டு ஓடியிருக்கும். தார் உருகுகிற நாற்றம். பின்னாலிருந்து புகை. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது.

எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. பெட்டியைத் திருப்பி, அந்தச் சந்தனத்தைச் சுரண்டினேன். உள்ளே, வீட்டுக்கு வரும் வோல்டேஜுக்குத் தகுந்தபடி மாற்றிக் குத்தும் சின்னப் பிளக் இருந்தது. அது 200இல் நின்றது. அந்த வீட்டில் வந்துகொண்டிருந்ததோ 250. கடையில் பல்பு பாதி வோல்டேஜைத் தின்றுவிட்டதால் இது தெரியவே இல்லை. பல்பை எடுத்துவிட்டு ஒரு தடவை நேராக ஓட விட்டிருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன்.

'என் தப்பு' என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"யாரோ இத 200ல மாத்தி வெச்சிருக்காங்க. அதான் எரிஞ்சுடுச்சு."

தங்கை நிமிர்ந்தார். "அப்பா இருந்த வரைக்கும் நல்லாத்தானே பாடினு இருந்துச்சு. அப்புறம் யாரு கையில இருந்துச்சு?"

"ஏன், உன் வூட்டுக்காரரு ஒரு தபா எடுத்தும்போயி வெச்சினு இருந்தாரே, அவரைக் கேளு" என்றார் அண்ணன்.

"அவர எதுக்கு இழுக்கிற? வாசல்லயே துண்டை ஒதறிட்டுப் போன ஆளுதானே நீ!"

பிறகு பேசியதை எழுத வேண்டாம். போட்ட இலையில் உட்காராமல், பையை எடுத்துக்கொண்டு தங்கை பஸ்ஸுக்குப் போய்விட்டார். அப்பா படையலில் மகள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

டிரான்ஸ்ஃபார்மருக்குக் காயில் கட்டுவது எனக்குப் பெரிய வேலையே இல்லை. அந்த வீட்டுப் படியேறத்தான் கூச்சம். ரேடியோவைக் கடை மூலையில் போட்டு வைத்து, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். ஆவணி வந்தது, கல்யாணம் முடிந்தது. நண்பர் போகவில்லை.

புரட்டாசியில் ஒருவழியாகச் சரிசெய்து கொண்டு போனேன். நண்பரின் மனைவிதான் இருந்தார். 250இல் குத்திக் காட்டி, "இனிமே இத யாரும் தொட வேணாம்மா" என்றேன்.

"யாருண்ணா தொடப் போறாங்க? எங்க மாமனார்தான் மாத்துவாரு. அப்போல்லாம் பம்புசெட்டு ஓட ஆரம்பிச்சா வோல்டேஜ் கம்மியாயிடும். ரேடியோ முனகும். அவருதான் பின்னாடி கை வுட்டு, புடுங்கி 200ல சொருகுவாரு. கடைசியா சொருகினது அப்படியே நின்னுபோச்சு போல."

அந்தக் கம்மி வோல்டேஜில் எரிந்த மோட்டார்களைக் கட்டித்தான் என் குடும்பம் சாப்பிட்டது. உலகத்தில் வேறு யாருக்குத் தோன்றாவிட்டாலும் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாளே கீழ்பென்னாத்தூர் போய்த் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அப்பா செஞ்சதாண்ணா அது? கல்யாணத்துக்கு முன்னாடி வந்து சொல்லியிருந்தீங்கன்னா, நானே போயி அண்ணனைக் கூட்டினு வந்திருப்பேனே" என்றார்.

அண்ணனும் தங்கையும் இப்போது போனில் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்வி. எரிந்த பொருளைக் கொண்டு வருகிறவர்கள் இன்றும் 'யாரு பண்ண வேலைங்க இது?' என்று என்னைக் கேட்கிறார்கள். தெரிந்தாலும் எனக்கு வாய் வருவதில்லை, தங்கை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கல்யாண ஃபோட்டோவில் யாரோ ஒருவர் அந்தப் பெண்ணுக்குப் பட்டம் கட்டிக்கொண்டிருந்ததுதான் கண்ணில் வந்து நிற்கிறது.