பிலோமினா டீச்சர் செய்த துவக்கு

போன வாரம் ஒரு மத்தியானம் வட்டவளையிலிருந்து அழைப்பு வந்தது. "பிலோமினா டீச்சர் காலையில தவறிட்டாங்க மாஸ்டர். தூக்கத்திலயே போயிட்டாங்க. நாளைக்கு அடக்கம்" என்றார் அவருடைய தம்பி மகன். நோகாமல் போனாரே என்று ஆறுதல் அடைய வேண்டிய செய்தி. ஆனால் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அவர் பெயரைக் கேட்டதும் எனக்கு முதலில் வருவது பயம்தான்.

அடக்கத்தில் பலரும் அவருடைய சிரிப்பைப் பற்றிப் பேசினார்கள், பாட்டைப் பற்றிப் பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்து, அவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல முடியாமல் போனதை, அவரை அறிந்த உங்களுக்காக எழுதுகிறேன்.

வட்டவளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நாங்கள் இருவரும் படிப்பித்தோம். டீச்சருக்கு இடி என்றால் பயம். நாய் என்றால் பயம். தமிழரை விரட்டி அடித்த எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் சோக்கட்டி நின்றுவிடும். ஜீப் வளைவைத் தாண்டிய பிறகுதான் அடுத்த எழுத்து விழும். அதைப் பார்த்து யாராவது சிரித்தால், "ஆமா, நான் பயந்தாங்கொள்ளிதான். ஆனா பயந்துகிட்டே எழுதி முடிப்பேன், பாத்துக்கங்க" என்பார்.

அப்படிப்பட்டவர்தான் ஒரு நாடகம் எழுதினார். அவருடைய அப்பாவின் கதை. தோட்டத்தில் கொழுந்துக் கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, இரண்டாவது உலக யுத்தம் முடியும்வரை திருகோணமலைத் துறைமுகத்தில் காவல் நின்றவர் அவர். யுத்தம் முடிந்து தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பினார். கொஞ்ச வருடத்தில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அதோடு, தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்ற சட்டமும் வந்தது. நாட்டுக்குக் காவல் நின்ற மனிதர் நாடில்லாமல் செத்துப்போனார். ஹட்டனில் மாதா கோயில் திருநாளுக்கு அந்த நாடகத்தைப் போடுவதென்று முடிவாகியது. அப்பாவாக நடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பட்டாளத்துத் துப்பாக்கி வேண்டுமே, அந்தத் துவக்குக்கு ஒரு மூங்கில் தடி போதும் என்றேன். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத் துரையின் பங்களாவில் பழமரத்துக் குருவிகளை விரட்ட வைத்திருந்த காற்றுத் துவக்கு ஒன்று, சுருள்கம்பி முறிந்து மூலையில் கிடந்தது. சமையல்காரரிடம் சொல்லி அதை வாங்கிவந்தார். அப்பா பட்டாளத் துவக்கோடு நிற்கும் போட்டோவை முன்னால் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். காற்றுத் துவக்கின் மரம் பாதியிலேயே முடிந்துவிடும். பட்டாளத் துவக்கில் அது குழலின் நுனிவரை போகும். தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, அடுக்கடுக்காக ஒட்டி, சீவி, குழலை மூடினார். பெட்டி விளிம்பின் தகரத்தை வெட்டி மூன்று இடத்தில் பட்டை போட்டு ஆணி அடித்தார். விசைக்கு முன்னால் தோட்டாப்பெட்டி வேண்டுமே? பால்மா டின் தகரம் அப்படி மடிந்தது. தோட்டாவை ஏற்ற இழுக்கும் பிடிக்குக் கதவுத் தாழ்ப்பாள் ஒன்றைப் பக்கவாட்டில் பொருத்தி, அதன் குமிழை வளைத்துவிட்டார். கடும் தேயிலைச் சாயத் தண்ணீரும் சப்பாத்துக்குப் போடும் பொலிஷும் பூசித் தேய்த்ததும் பெட்டிப் பலகை பழைய தேக்கு மாதிரி மின்னியது.

முடித்துவிட்டு என் கையில் கொடுத்தார். வாங்கியதுமே அதைத் திருப்பி நீட்டினேன்.

"டீச்சர், இது வேணாம். இவ்வளவு நெசமா இருக்கக்கூடாது. வெள்ளை பெயின்டாவது அடிங்க."

"பொய்யாத் தெரிஞ்சா, எங்கப்பா பட்டாளத்துக்குப் போனதும் பொய்யாத் தெரியும் மாஸ்டர்."

"வழியில பொலிஸ் பிடிச்சா?"

"அதை நெனச்சா எனக்கும்தான் தூக்கம் வரல" என்றார். பிரித்துக் கொண்டுபோகலாம் என்றேன். பசை இறுகிவிட்டது, பிரித்தால் பலகை வெடித்துவிடும் என்றார்.

திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை காலை, ஒரு சீலையில் சுற்றி, பாய்க்குள் உருட்டி, பஸ்ஸில் ஏறினோம். ஹட்டனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் பஸ் நின்றது. ரோட்டின் குறுக்கே பீப்பாய்கள். வழக்கமாக அங்கே சோதனை கிடையாது. பொலிஸ்காரர் ஒருவர் ஏறி மூட்டைகளைத் தட்டிக்கொண்டே வந்தார். டீச்சர் பாயை மடியில் அணைத்திருந்தார்.

"மேக்க மொகத்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார் பொலிஸ்காரர்.

டீச்சர் கினிகத்தேனைக் கடைக்காரர்களோடு சிங்களத்தில் மணிக்கணக்காகப் பேசிச் சிரிக்கிறவர். அன்று ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. நான்தான் "நாடகத்துக்கு" என்று சொன்னேன். அதற்குள் பாயும் சீலையும் விரிந்து துவக்கு தெரிந்துவிட்டது. பின்சீட்டில் ஒரு பெண் வீரிட்டுக் கத்தினாள். அடுத்த கணம் பஸ்ஸே காலியானது போல இருந்தது. எங்களைச் சுற்றி அவ்வளவு இடம்.

பொலிஸ் நிலையத்தில் எங்களை ஒரு வாங்குப் பலகையில் உட்காரவைத்தார்கள். துவக்கு மேசைமேல் கிடந்தது. இளம் அதிகாரி ஒருவர் அதைத் தொடாமலே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். யாருக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள், வடக்கில் ஆயுதம் தூக்கியவர்களில் யாரைத் தெரியும், இதைச் செய்துகொடுத்தது யார் என்று கேள்விகள். கடைசிக் கேள்விக்கு மட்டும் டீச்சர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதிகாரி நம்பவில்லை. ஒரு பெண் செய்கிற வேலையா இது என்றார். என்னைத் தனியாக உள்ளே கொண்டுபோகும்படி சொன்னார்.

இரண்டு பேர் என் தோளைப் பிடித்தபோது டீச்சர் எழுந்துவிட்டார். எழுந்தவர் நேரே மேசைக்குப் போய்த் துவக்கைப் பிடித்தார். வாசலில் நின்ற காவலர் தன்னுடைய துவக்கை உயர்த்தினார். அது நிஜத் துவக்கு. "டீச்சர், விடுங்க!" என்று கத்தினேன். அவர் விடவில்லை. முதல் தகரப் பட்டையை நகத்தால் நெம்பி இழுத்தார். ஆணியோடு வந்தது, விரலும் கிழிந்தது. மற்ற இரண்டு பட்டைகளையும் பிடுங்கினார். பலகையை மேசை விளிம்பில் வைத்து அழுத்தியதும் படீரென்று முறிந்தது. காவலர் சுடவில்லை என்பதை நான் கண்ணைத் திறந்த பிறகுதான் அறிந்தேன். தாழ்ப்பாளும் பால்மா டின் தகரமும் மேசைமேல் விழுந்தன. கடைசியில், குருவி சுடும் குட்டைத் துவக்கு ஒன்று இரத்தக் கறையோடு மிஞ்சியது.

அதிகாரி தாழ்ப்பாளை எடுத்துப் பார்த்தார். "எதற்காக இவ்வளவு அச்சு அசலாகச் செய்தாய்?" என்று கேட்டார்.

டீச்சர் தமிழில்தான் பதில் சொன்னார். "இதே மாதிரித் துவக்கைப் பிடிச்சுத்தான் எங்கப்பா இந்த நாட்டுக்குக் காவல் நின்னாரு. அப்புறம் நீ இந்த நாட்டு ஆளே இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதை எல்லாரும் பாக்கணும்."

அங்கே தோட்டத்துத் தமிழ் தெரிந்த வயதான சார்ஜன் ஒருவர் இருந்தார். அதிகாரிக்கு அவர்தான் மொழிபெயர்த்தார். "இவளுடைய தகப்பன் பழைய யுத்தத்தில் நாட்டுக்குக் காவல் நின்றவராம், சேர். அந்தப் பெருமையை நாடகமாகப் போடுகிறாளாம்." அவ்வளவுதான். மற்ற பாதியை விழுங்கிவிட்டார். டீச்சருக்கும் சிங்களம் விளங்கும், எனக்கும் விளங்கும். டீச்சரின் உதடு பிரிந்தது. அவர் திருத்திவிடக்கூடாதே என்று நான் வேண்டாத தெய்வமில்லை. சார்ஜன் டீச்சரை ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் வாயை மூடிக்கொண்டு தலையசைத்தார்.

மறுநாள் பங்குச் சாமியார் வந்து பொறுப்பெடுத்த பிறகு விட்டார்கள். காற்றுத் துவக்கைத் திருப்பித் தரவில்லை. டீச்சரின் கையில் கட்டுப் போட்டிருந்தது. ரோட்டுக்கு வந்ததும் ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஐயா நம்மளக் காப்பாத்திட்டாரு மாஸ்டர். அவரு பேரைக்கூட கேக்கல. ஆனா அப்பா கதையில பாதிக்குத் தலையாட்டிட்டு வந்திருக்கேன்" என்றார்.

அந்தத் திருநாளில் நாடகம் நடக்கவில்லை. அடுத்த வருடம் சாமியாரே கூப்பிட்டார். வெறுங்கையோடு காவல் நிற்கிற மாதிரி நடித்தேன். மண்டபத்தின் பின்னால் சுவரோடு சாய்ந்து இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். அப்போது டீச்சர் மேடைக்கு வந்தார். அது ஒத்திகையில் இல்லாதது. அப்பா எதைக் காத்தார், அவரிடம் என்ன சொன்னார்கள் என்று தமிழில் சொன்னார். பிறகு பின்சுவரைப் பார்த்து, சார்ஜன் விழுங்கிய அந்த வாக்கியத்தைச் சிங்களத்தில் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கிச் சொல்லி முடித்தார். பொலிஸ்காரர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். மரியாதைக்கா, புழுக்கத்துக்கா, தெரியாது. எங்களை யாரும் தொடவில்லை.

அவரைத் தைரியசாலி என்று அடக்கத்தில் சிலர் சொன்னார்கள். அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அன்று மேடையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவன் நான். அவர் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு சொல்லும் குறையாமல் வந்த அந்த வாக்கியம், அதுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.