கீழ்பென்னாத்தூர் ஏரி மீன்

திருவண்ணாமலையிலிருந்து திரும்பும் பஸ் கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் பஞ்சராகி நிற்கிறது. ஏழு மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு புளியமரத்தடிக்கு வருகிறேன். மேலே கொக்குக் கூடுகள், காலடியில் உடைந்த முட்டைகள். ஒரு முட்டை ஓட்டைத் தொடுகிறேன். அப்பளம் போல நொறுங்குகிறது.

நிழலில் உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மா கூப்பிடுகிறார். "கெளுத்தி வாங்கிக்கம்மா. பால் ஜாஸ்தி ஊறும்."

வாங்கி வரச் சொன்னபோது மாமியாரும் இதையேதான் சொன்னார். கூடையிலிருந்து ஒரு மீனைக் கையில் எடுக்கிறேன்.

"முட்டை ஏங்க இப்படி உடையுது?"

"காத்துல விழுதும்மா. இப்பல்லாம் குஞ்சும் கம்மிதான்."

"மேட்டு வயல்ல மருந்து அடிச்ச தண்ணி ஏரிக்குத்தான வருது?"

"பின்ன, மலைக்கா ஏறும்?"

அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து லேசில் அழியாது, புழுவிலிருந்து மீனுக்கும் மீனிலிருந்து பறவைக்கும் போய் முட்டை ஓட்டை மெலிதாக்கும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். தாய்ப்பாலிலும் சேரும் என்று படித்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. வயலுக்கு அதைத் தடை செய்துவிட்டார்களே, வெறும் காற்றாகவும் இருக்கலாமே? இருந்தாலும் கையில் எடுத்த மீனைத் திரும்பக் கூடையில் போடுகிறேன்.

குழந்தை வீறிடுகிறாள். முந்தானையால் மூடிப் பால் கொடுக்கிறேன்.

"நீ மீனு வேணான்ற. ஒம் பொண்ணு பாலு வேணாங்குதா பாரு" என்கிறார் மீன்காரம்மா.

அவள் கண்ணை மூடிக் குடிக்கிறாள். பிரசவமானதிலிருந்து மாமியார் வாரம் தவறாமல் வைத்துக் கொடுத்த கெளுத்திக் குழம்பு எந்த ஏரி மீன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.